ராமன் கண்ட மங்கல் ஒளியும் வாயுக் கலவையின் படமும்

ஆசிரியர்களே, எஸ்.பி.எம். மாணவர்களே, அறிவியல் வரலாற்றுக் கட்டுரை என்றால் "1928இல் சி.வி. ராமன் கண்டுபிடித்தார், 1930இல் நோபல் பரிசு பெற்றார்" என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறோம். அது போதாதுங்க. இடையில் என்ன நடந்தது என்பதுதான் வரலாறு.

1923இல் கல்கத்தாவில், ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியாகத் தூய நீருக்குள் செலுத்தினார். பார்க்கும் பக்கத்தில் பச்சை வடிகட்டி. எதுவும் தெரியக்கூடாது. ஆனாலும் மங்கலாக ஒரு கீற்று தெரிந்தது! நீரிலுள்ள அழுக்கு ஒளிர்கிறது என்று எண்ணித் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார்கள், கீற்று மறையவில்லை. 'வலுவற்ற ஒளிர்வு' என்றே அதைக் குறித்தார்கள்.

1928இல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் பல திரவங்களில் இதைச் சோதித்தார். அந்த ஒளி வலுவான தளவிளைவு அடைந்திருந்தது. சாதாரண ஒளிர்வு அப்படி இருக்காது. ஆகவே இது புதுவகைச் சிதறல் என்று தெளிந்தது. பிப்ரவரி 28 அந்த வெற்றியின் நாள்.

இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒளிர்வில் மூலக்கூறு ஒளியை விழுங்கி, சற்றே தாமதித்து, வேறு நிறத்தில் உமிழ்கிறது. ராமன் சிதறலில் விழுங்குவதே இல்லை. அந்த ஒளியும் மிகமிக மங்கல்.

அன்று ஒதுக்கப்பட்ட ஒளிர்வு பின்னாளில் வேறு வேலைக்கு உதவியது. 1960இல் லேசர் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரோனல்ட் ஹேன்சன் குழுவினர் லேசர் ஒளியை மெல்லிய தாள்போல விரித்துச் சுடருக்குள் செலுத்திப் படமெடுத்தனர்.

நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் ரப்பர் சீட்டுகளைப் புகையில் உலர்த்தினார்கள் அல்லவா? புகை காற்றோடு எங்கே, எவ்வளவு கலக்கிறது என்று கண்ணால் அளக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் வாயுவோடு கொஞ்சம் அசிட்டோன் ஆவியைச் சேர்த்து, புறஊதா லேசரைப் பாய்ச்சினால் ஆவி நீலமாக ஒளிரும். அடர்த்தியான இடம் பளிச்சென்றும், காற்று கலந்த இடம் மங்கலாகவும் படத்தில் விழும். துடிப்பு சில நானோ வினாடிதான்; அதனால் பாயும் வாயுவும் உறைந்ததுபோல் பதிவாகும். எஞ்சின் எரிபொருள் கலவையை ஆராய இம்முறை பயன்படுகிறது.

கட்டுரை எழுதும்போது ராமனோடு ராமநாதனையும் கிருஷ்ணனையும் பெயர் சொல்லி எழுதுங்கள். ஐந்தாண்டு உழைப்பு அதில் இருக்கிறது.