மண்ணில் கட்டிப்போட்ட விமானம்

இலஞ்சியில் நின்றால் மேற்கே தெரிகிறதே ஒரு மலை, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் தெற்கே போனால் மணிமுத்தாறு. 2014-இல் அங்கே ஒரு குட்டி விமானம் மேலே போனது. செய்தவர் இடுக்கி மாவட்டத்துக்காரரான சஜி தாமஸ். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். காது கேட்காது, பேச வராது. ஓட்டிப் பார்த்தவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர்.

பறந்த நாளை எல்லாரும் எழுதிவிடுவார்கள். அதற்கு முந்தைய நாட்களை யாரும் எழுதுவதில்லை. வீட்டில் செய்த விமானம் பிழைப்பது அந்த நாட்களில்தான். வாலைத் தூணில் கட்டி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிடுவார்கள்.

இது நமக்குப் புதுசு இல்லை. சென்னையில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்து சிம்ப்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தை முதலில் பல்லாவரத்தில்தான் சோதித்தார். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டியது அதற்குப் பிறகு.

அன்றைய எஞ்சின்களின் பெரிய வியாதி சூடு. பறந்தால் காற்று குளிரவைக்கும், தரையில் நின்றால்? 1909-இல் பிரான்சில் வந்த நோம் ரோட்டரி எஞ்சினில் ஏழு சிலிண்டர்களும் விசிறியோடு சேர்ந்தே சுற்றின. நின்ற இடத்திலேயே தனக்குத் தானே விசிறிக்கொண்டது. அதற்கு ஊற்றியது நம்ம விளக்கெண்ணெய். அது ஓட்டுபவர் மேலேயே தெறிக்கும்.

இன்று ரோட்டரி என்றால் வேறு எஞ்சின். 1957-இல் ஜெர்மனியில் முதலில் ஓடிய ஃபெலிக்ஸ் வாங்கெலின் எஞ்சின் அது. பிஸ்டனுக்குப் பதிலாக ஒரு முக்கோணம் சுற்றும். மாஸ்டா காரிலிருந்து அதைக் கழற்றித் தங்கள் விமானத்தில் பொருத்துகிறவர்கள் வெளிநாடுகளில் உண்டு. அசையும் பாகங்கள் குறைவு, எடையும் அதிகமில்லை. ஆனால் நெருப்பு எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில்தான். குளிர்ச்சி தவறினால் கூடு கோணிக்கொள்ளும், சீல் போய்விடும். அதனால் தரையில் ஓட்டும்போதே தண்ணீரின் சூடு, எண்ணெயின் சூடு இரண்டையும் கண்ணெடுக்காமல் பார்க்கணும். மூக்கைத் தூக்கி வைத்து, பெட்ரோல் தடையில்லாமல் வருகிறதா என்று அளக்கணும்.

‘சத்தத்தை வச்சே சொல்லிடுவேன்’ என்பார்கள் மெக்கானிக்குகள். சஜிக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. ஆனால் முள் ஏறுவதைக் கண் பார்க்கும், அதிர்வைக் கை அறியும். மேலே போன பிறகு எஞ்சின் நின்றால் ஓரங்கட்ட ரோடு கிடையாது. கெட்டுப்போவதெல்லாம் மண்ணிலேயே கெட்டுப்போகட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தவர்களால்தான் மற்றவர்கள் உயிரோடு இறங்கினார்கள்.