யாழ்

பழந்தமிழரின் தலையாய நரம்புக் கருவியாகிய யாழ், தோல் போர்த்த ஒலிக்கலம் ஒன்றிலிருந்து வில்போல் வளைந்தெழும் தண்டும், அவ்விரண்டுக்கும் இடையே இழுத்துக் கட்டிய நரம்புகளும் கொண்டது. பண்டைய கிரேக்கரின் லைரோடு இதனை ஒப்பிடுவார் உளர். எனினும் லைருக்கு இரு கைகளும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டமும் உண்டு, யாழுக்கோ வளைந்த தண்டு ஒன்றே. இன்றும் வழக்கிலுள்ள கருவிகளுள் மியான்மரின் சவுங் இதற்கு மிக நெருங்கியது.

ஒலிக்கலம் பத்தர் எனவும், தண்டு கோடு எனவும், நரம்புகளைத் தண்டோடு பிணிக்கும் வார்க்கட்டு திவவு எனவும் ஆற்றுப்படை நூல்களில் பெயர் பெறுகின்றன. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் 21 நரம்புகளுடைய பேரியாழ், 19 நரம்புகளுடைய மகரயாழ், 14 நரம்புகளுடைய சகோடயாழ், 7 நரம்புகளுடைய செங்கோட்டியாழ் என நால்வகை கூறுவார். யாழ் அரண்மனைக்கே உரியதாக இருக்கவில்லை. இடையன் ஒருவன் குமிழமரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, குறிஞ்சிப் பண் இசைப்பதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது.

மதுரையில் பொழுது புலரும் வேளையில் யாழோர் மருதப்பண் இசைத்த செய்தியை, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் பதிவு செய்கிறார். சிலப்பதிகாரத்தில், நகரை நெருங்கும் கோவலன் வழியில் பாணரோடு அமர்ந்து செங்கோட்டியாழை இசைத்த பின்னரே மதுரை எவ்வளவு தொலைவு என வினவுகிறான்.

யாழில் மெட்டுகள் இல்லை. ஒரு நரம்பு ஒரு சுரத்தை மட்டுமே தரும். ஆகவே பண் மாறும்போது நரம்புகளின் சுருதியை மாற்றிக் கட்டவேண்டும், அல்லது இசையைத் தொடங்கும் நரம்பை மாற்றவேண்டும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களுள் குரலை ஆதாரமாகக் கொண்டால் செம்பாலையும், துத்தத்தை ஆதாரமாகக் கொண்டால் படுமலைப்பாலையும் பிறக்க, இவ்வாறே ஏழு பாலைகள் அமைந்தன. செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஏழு சுரங்களின் தொடக்கத்தை இவ்வாறு நகர்த்திச் சுரவரிசைகளைப் பெறும் முறையைக் கிரேக்க இசைநூலாரும் வகுத்தனர். இதைக் கொண்டு ஒருவர் மற்றவரிடம் கற்றார் எனத் துணிய வேண்டியதில்லை, ஏனெனில் மெட்டில்லாத நரம்புக் கருவி கையிலுள்ள எவருக்கும் இம்முறை தானே புலப்படும்.

கருவியின் வீழ்ச்சிக்கும் இவ்வமைப்பே காரணமாயிற்று எனலாம். ஒரு சுரத்தை அசைத்து இன்னொன்றோடு இழைக்கும் கமகம் யாழில் அரிது. மெட்டின்மேல் நரம்பை இழுத்து வாசிக்கும் வீணையிலோ எளிது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தருடன் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர், தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமை கண்டு கருவியை உடைக்க ஓங்கினார் எனப் பெரியபுராணம் கூறும். அப்பதிகத்துக்கு யாழ்முரி என்றே பெயர். புராணச் செய்தியாயினும், குரலிசையின் நெளிவுகளுக்குக் கருவி ஈடுகொடுக்க இயலாத நிலை அதில் தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் மதுரையின் நினைவிலிருந்து யாழ் அகலவில்லை. யாழிசையில் வல்ல பாணபத்திரருக்காக ஆலவாய் இறைவன் விறகு விற்பவனாக வந்த கதையைத் திருவிளையாடற் புராணம் பேணிக் காத்தது.

மறைந்த கருவியைக் கணக்கிட்டு மீட்க முயன்றவருள் முதன்மையானவர் இலங்கையின் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர். மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதப் பட்டத்தை 1916இல் பெற்ற அவர், பிற்காலத்தில் சுரங்களின் அதிர்வு விகிதங்களை ஆராய்ந்து யாழ் நூலை எழுதினார். அது 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில், அவர் வகுத்த அளவின்படி செய்த யாழ்கள் ஒலிக்க அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். மரமும் தோலும் நரம்புமாக இருந்த பழைய யாழ் ஒன்றும் தமிழகத்தில் எஞ்சவில்லை. இக்காலத்தில் யாழிசையாகக் கேட்கப்படுவது அனைத்தும் நூல்வழி ஊகித்துச் செய்த கருவிகளின் ஒலியே.