கெமோல்டு கலைக்கூடம்

மும்பையின் பழைய தனியார் ஓவிய விற்பனைக் கூடங்களுள் ஒன்று. படச்சட்டம் செய்யும் தொழிலில் இருந்த கேகூ காந்தி, முதலில் தம் கடையின் காட்சிச் சாளரத்தில் இளம் ஓவியர்களின் படங்களை வைத்தார். 1963இல் அவரும் மனைவி கோர்ஷெத்தும் ஜஹாங்கீர் கலைக்கூடத்தின் மாடியில் கெமோல்டைத் தொடங்கினர். நவீன ஓவியத்தை வாங்குவோர் அரிதாயிருந்த காலம் அது, துணிச்சல்தான் முதல். பூபேன் கக்கரின் தொடக்ககாலப் படைப்புகள் இங்கு இடம்பெற்றன. பின்னர் காந்தி தம்பதியின் மகள் ஷிரீன் பொறுப்பேற்றார். 2007இல் கூடம் கோட்டைப் பகுதியின் பிரெஸ்காட் சாலைக்கு மாறியது. இங்கு காட்சிப்படுத்தும் அதுல் தோதியா, கடைகளின் இரும்புச் சுருள்கதவுகளிலேயே வரைந்தவர். கதவை உயர்த்தினால் உள்ளே இன்னோர் ஓவியம் தெரியும். ஜிதீஷ் கல்லத், மிது சென் ஆகிய கலைஞர்களும் இக்கூடத்தோடு தொடர்புடையவர்கள்.