மௌ மௌ: அரை நூற்றாண்டு கடந்து பேசிய கோப்புகள்

1959 மார்ச் 3ஆம் திகதி கென்யாவின் ஹோலா தடுப்பு முகாமில் 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். தண்ணீர் குடித்த பின்னரே அவர்கள் இறந்ததாகக் குடியேற்ற நிர்வாகம் முதலில் அறிவித்தது. மரண விசாரணை அந்தப் பொய்யை வெளிப்படுத்தியது. ஆனாலும் கொலைக்காக எவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

அவசரகாலம்

மத்திய கென்யாவின் வளமான நிலங்கள் வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டதில் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் கிகுயு மக்கள். மௌ மௌ கிளர்ச்சியின் வேர் இந்த நிலப் பறிப்பில் இருந்தது. 1952 ஒக்டோபர் 20ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் வழக்கின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். கிளர்ச்சியின் தலைவர் டெடான் கிமாத்தியும் 1957 பெப்ரவரி 18இல் தூக்கிலிடப்பட்டார். அவரது உடல் குடும்பத்தினரிடம் கையளிக்கப்படவில்லை.

மௌ மௌ போராளிகளும் அரச ஆதரவாளர்களான சக கிகுயு மக்களைக் கொன்றனர். 1953இல் லாரி கிராமத்தில் பெண்களும் சிறுவர்களும் அவர்களுக்குப் பலியாகினர். சுதந்திரத்தின் பின்னரும் மௌ மௌ அமைப்பு மீதான தடை 2003 வரை நீக்கப்படவில்லை. தம் நாட்டிலேயே வெளிப்படையாக ஒன்றுகூட முடியாதவர்களாக அந்தப் போராளிகள் முதுமை அடைந்தனர்.

மறைக்கப்பட்ட கோப்புகள்

2009இல் ஐந்து முதியவர்கள் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தனர். முகாம்களில் நேர்ந்த அடி, ஆண்மை நீக்கம், பாலியல் சித்திரவதை ஆகியவற்றை அவர்கள் எடுத்துரைத்தனர். பொறுப்பு சுதந்திர கென்யாவின் அரசுக்கே உரியது என்று பிரித்தானியா வாதிட்டது. அது நிராகரிக்கப்பட்டதும், வழக்குத் தொடர்வதற்கான கால எல்லை கடந்துவிட்டது என்றது.

வழக்கின் போக்கை மாற்றியவை கோப்புகள். சுதந்திரத்துக்கு முன்னர் கென்யாவிலிருந்து இரகசியமாக எடுத்துச் செல்லப்பட்ட சுமார் 1,500 கோப்புகள் தன்னிடம் இருப்பதை 2011இல் பிரித்தானிய வெளிவிவகார அமைச்சு ஒப்புக்கொண்டது. இலங்கை உட்பட 37 முன்னாள் குடியேற்றங்களின் சுமார் 8,800 கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. எரிக்கப்பட்டவை வேறு.

2012 ஒக்டோபர் 5இல், எஞ்சியிருந்த மூவரின் வழக்கை விசாரிக்கலாம் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆவணங்கள் போதிய அளவில் இருப்பதால் இத்தனை ஆண்டுகள் கடந்தும் நியாயமான விசாரணை சாத்தியம் என்றார் நீதிபதி. அதிகாரிகள் தமது கைப்பட எழுதி மறைத்து வைத்தவையே அவர்களுக்கு எதிரான சாட்சியங்களாயின.

வருத்தம், பொறுப்பு அல்ல

2013 ஜூன் 6ஆம் திகதி வெளிவிவகாரச் செயலர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் சித்திரவதைகள் நடந்ததை ஏற்று வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்கு, சட்டச் செலவும் உட்பட, 19.9 மில்லியன் பவுண்ஸ் வழங்க இணக்கம் காணப்பட்டது. ஆனால் சட்டப் பொறுப்பை அரசு ஏற்கவில்லை. 2015இல் பிரித்தானிய நிதியுதவியுடன் நைரோபியின் உஹுரு பூங்காவில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

அந்த இணக்கத்தில் அடங்காத 40,000க்கும் மேற்பட்டோர் தொடர்ந்த இன்னொரு வழக்கு 2018இல் தோற்றது. காலம் கடந்துவிட்டது என்ற அதே வாதம் இம்முறை வென்றது. சாட்சிகள் பலர் இறந்திருந்தனர். எஞ்சியோரின் நினைவும் மங்கியிருந்தது.

ஒரே நீதிமன்றம், ஒரே அவசரகாலம், முடிவுகளோ இரண்டு. உயிரோடிருப்பவர்களின் வாக்குமூலத்தை உரிய காலத்தில் பதிவு செய்வதும் ஆவணங்களைத் தேடிப் பாதுகாப்பதும் ஏன் அவசியம் என்பதற்கு இந்த இரு வழக்குகளுமே சான்று.