காரணிகன் இல்லாத அவை: தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் வாசகர் கண்டனம் (1867–1943)

இறையனார் அகப்பொருளின் உரை தன் தோற்றம் குறித்து ஒரு கதை சொல்கிறது. சங்கப் புலவர் ஒவ்வொருவரும் அந்நூலுக்கு உரை கண்டனர். எது மெய்யுரை என்பதில் அவர்களுக்குள் இசைவு ஏற்படவில்லை. தீர்ப்பளிக்க ஒரு காரணிகனைத் தருமாறு பாண்டியனை வேண்டினர். கிடைத்தவனோ உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது மூங்கைச் சிறுவன். நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான். அதுவே மெய்யுரை எனத் துணிந்தனர். கதையின் வரலாற்றுத் தன்மை ஒருபுறம் இருக்க, அது வைக்கும் நிபந்தனை கருதத்தக்கது: தீர்ப்பளிப்பவன் வாய் பேசாதவன். அவனுக்கென்று ஓர் உரை இல்லை. ஆகவே அவனுக்குக் கட்சியும் இல்லை.

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரமும் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் நூல் அரங்கேறியதைப் பதிவு செய்கிறது. அரங்கேற்ற மரபில் தடை எழுப்புவோரும் விடை தருவோரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். தடையின் வரம்பையும் தொனியையும் அவை கட்டுப்படுத்தியது. அச்சு இக்கூரையை நீக்கியது. நூலைப் படிப்பவர் ஓர் ஊரிலும் பதிப்பித்தவர் வேறோர் ஊரிலும் இருக்க, கண்டிக்க விரும்பியவர் தாமே ஓர் அச்சகத்தை நாடினார்.

அந்த அச்சகத்தைச் சட்டம் எவ்வாறு பார்த்தது என்பது நம் பதிப்பு வரலாற்று நூல்களில் போதிய கவனம் பெறவில்லை. 1835ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் முன்னனுமதி முறையை ஒழித்தது. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் ஒவ்வொரு நூலிலும் இருக்க வேண்டும் என்றும், படிகளை அரசுக்கு அளிக்க வேண்டும் என்றும் விதித்தது. எழுதியவர் தம் பெயரை மறைத்துக்கொள்ளலாம். அச்சிட்டவர் மறைத்துக்கொள்ள இயலாது. பொறுப்பு எழுத்தை விட்டு எந்திரத்தின்மேல் ஏறியது. கண்டனத் துண்டு நூல்களில் பிறர் பெயரும் புனைபெயரும் மலிந்ததற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம் எனக் கொள்ள இடமுண்டு.

அதே 1867இல் இராமலிங்க அடிகளின் திருவருட்பா அச்சேறியது. அதனைத் தொடர்ந்த அருட்பா மருட்பாப் பூசல் பலராலும் ஆராயப்பட்டதாதலின் இங்கு விரிக்க வேண்டியதில்லை. மறுப்பு, கண்டனம், தூஷண பரிகாரம், நிரசனம் என்று தலைப்புகளே படைக்கலங்களாக மாறிய அக்காலத்தில், ‘அருட்பா’ என்ற பெயர் யாருடைய பாடல்களுக்கு உரியது என்னும் பொருள் பொதிந்த வினா, தனிமனித வசைக்கு அடியில் புதைந்தது. பூசல் இறுதியில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறியது. அவை அளித்திருக்க வேண்டிய தீர்ப்பை நீதிமன்றத்திடம் கேட்ட நிலை அது.

மாறுபட்டதொரு வழியைச் சீவக சிந்தாமணிப் பதிப்பின் பின்விளைவில் காணலாம். நச்சினார்க்கினியர் உரையுடன் உ. வே. சாமிநாதையர் அதனை 1887இல் வெளியிட்டார். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர். வளர்ப்பாலும் கல்வியாலும் சைவ மடத்தைச் சார்ந்தவர். பதிப்பித்ததோ சமண காப்பியம். சமண நூற்கொள்கைகளை அவ்வூர்ச் சமணரிடமே கேட்டுத் தெளிந்திருந்தார். பதிப்பைக் குறைகூறிக் கண்டனங்கள் வெளிவந்தன. அவற்றுக்கு ஒரு சமாதானம் எழுதி, உடன் பணியாற்றிய சாது சேஷையரிடம் அவர் காட்டியதையும், சேஷையர் அதனைக் கிழித்தெறிந்து, இவற்றுக்கெல்லாம் விடை எழுதத் தொடங்கினால் வாழ்நாள் அதிலேயே கழிந்துவிடும் என்று அறிவுறுத்தியதையும் ‘என் சரித்திரம்’ கூறுகிறது.

சேஷையரின் செயல் பொதுவாக நல்லறிவுரையாகவே போற்றப்படுகிறது. ஐயரின் பணியை நோக்க அது சரியே: பத்துப்பாட்டு 1889இலும் சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் வெளிவந்தன. விடையெழுதும் தொழிலில் இறங்கியிருந்தால் இவை இத்துணை விரைவில் வந்திருக்குமா என்பது ஐயம். ஆயினும் வரலாற்றாய்வாளருக்கு இம்மௌனம் ஓர் இழப்பையும் விட்டுச்செல்கிறது. கிழிக்கப்பட்டது ஐயரின் விடை மட்டுமன்று. எந்தெந்தத் தடைக்கு அது விடையாக எழுதப்பட்டதோ அத்தடைகளின் பட்டியலும் அதனோடு போயிற்று. துண்டு நூல்கள் நூலகத்தில் இடம்பெறும் தகுதியுடையவையாகக் கருதப்பட்டதும் அரிது. எனவே கண்டித்தோரின் வாதத்தை இன்று பெரும்பாலும் கண்டிக்கப்பட்டவரின் எழுத்துவழியே அறிகிறோம். அவ்வெழுத்தும் நிகழ்ச்சிக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் திருத்தங்களுடன் வெளிவந்தது. அவற்றுள் புதிய ஏடுகள் தந்தவை எவை, பகைத்த வாசகர் தந்தவை எவை எனப் பிரித்தறிய வேண்டுமானால் கண்டனங்கள் கையில் இருக்க வேண்டும். வசை என்று ஒதுக்கியதில் ஒரு நல்ல பாடமும் ஒதுங்கியிருக்கக் கூடும்.

காரணிகனின் இருக்கையை மீண்டும் இடும் முயற்சியாகவே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழைக் கருத வேண்டும். 1901இல் பாண்டித்துரைத் தேவர் சங்கத்தை நிறுவினார்; 1902இல் இதழ் தொடங்கியது; இரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியர். தடையும் விடையும் இனி ஓர் ஆசிரியரின் வாயில் வழியே செல்லலாயின. இதன் பெரும்பயன் தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் விளைந்தது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1885இல் அப்பகுதி முழுவதற்கும் உரிய உரையை நச்சினார்க்கினியருடையதாகவே பதிப்பித்திருந்தார். மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய இறுதி நான்கிற்கும் அமைந்த உரை பேராசிரியருடையது என்பதை இராகவையங்கார் செந்தமிழில் நிறுவினார். ஆளைத் தொடாமல் உரையை மட்டும் தொட்ட கண்டனம் அது. முந்தைய தலைமுறையின் துண்டு நூல்களோடு ஒப்பிடுவார்க்கு வேறுபாடு உடனே புலப்படும்.

எனினும் இம்மாற்றத்தை முழு வெற்றியாகக் கொள்வது கடினம். குற்றம் கண்டவரே இதழின் ஆசிரியராகவும் இருந்தார். உருத்திரசன்மனைப்போல் அவர் மூங்கையல்லர், தமக்கென ஓர் உரை உடையவர். விடை கூறியிருக்க வேண்டிய தாமோதரம் பிள்ளையோ 1901 சனவரி முதல் நாளில் மறைந்துவிட்டார். முடிபு சரியானது என்பதில் பின்வந்தோர்க்கு ஐயமில்லை. ஆனால் எதிர்த்தரப்பு பேச இயலாத அவையில் அது ஏற்கப்பட்டது. இதழின் வாயிலில் எவரெவர் தடைகள் திருப்பி அனுப்பப்பட்டன என்பதை அறிய வேண்டுமாயின், அச்சான பக்கங்களுக்கு அப்பால், வெளியிடப்படாத கடிதங்களையே தேட வேண்டும்.

புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் 1943இல் அவ்விறுதிப் பகுதியைப் பேராசிரியர் உரை என்ற பெயரிலேயே தம் குறிப்புகளுடன் வெளியிட்டார். தாமோதரம் பிள்ளை பிறந்த அதே யாழ்ப்பாணத்து மண்ணிலிருந்து, அவர் இட்ட பெயர் நீங்கிய பதிப்பு வந்தது.