நடைபாதையும் அண்மைப் பள்ளியும்

1981 ஜூலையில் பம்பாய் நடைபாதைவாசிகளை வெளியேற்ற மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. எதிர்த்து வழக்காடியோரில் சேலம் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நிலமற்ற தொழிலாளி ஒருவரும் இருந்தார். 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் வாழ்வாதாரமும் அடங்கும் என்றது. ஆயினும் வெளியேற்றத்தைத் தடுக்கவில்லை. மழைக்காலம் கருதி அக்டோபர் 31 வரை தள்ளிவைத்தது. அந்நாளோ பள்ளியாண்டின் நடுவில் விழுகிறது.

அதே 21ஆம் பிரிவிலிருந்தே 1993இல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு 14 வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாகக் கண்டது. 2002இல் 21ஏ பிரிவு பிறந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கை மறுக்கலாகாது என்றது. புலம்பெயர்ந்தோர் குழந்தைகளைச் சேர்க்கும் கடமையை உள்ளாட்சிக்கு விதித்தது.

ஆனால் அச்சட்டம் உறுதியளிப்பது அண்மைப் பள்ளியை. அண்மை என்பதற்கு முதலில் ஓர் இருப்பிடம் வேண்டும். குடிசை இடிபடும் நாளில் பள்ளியும் தொலைவாகிவிடுகிறது.