பால் ஜாயின்ட்: அடியில் எட்டிப் பார்க்க ஆள் இல்லாமல் போன கதை

டெக்சாஸ்ல இருக்கிற நம்ம நேயர் ஒருத்தர் பழைய பிக்கப் ட்ரக் ஒண்ணு வாங்கியிருக்கார். மேடு பள்ளத்துல ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்'குனு சத்தம் வருது, மெக்கானிக் பால் ஜாயின்ட் மாத்தணும்ங்கறார், இது நிஜமாவே அவசரமா, இல்ல பில் ஏத்தறாரான்னு கேட்டு எழுதியிருக்கார். சுருக்கமான பதில்: செக் பண்ற வரைக்கும் ஹைவேல எடுத்துட்டுப் போகாதீங்க. நீளமான பதில்தான் இந்த எபிசோட். நான் படிச்சது மெக்கானிக்கல், சோறு போடறது சாஃப்ட்வேர். இந்த மாதிரி கேள்வி வந்தா ஒரு வாரம் தூக்கம் போயிடும்.

பால் ஜாயின்ட்னா என்ன? ஸ்கூல்ல உயிரியல் பாடத்துல 'பந்து கிண்ண மூட்டு'ன்னு படிச்சிருப்பீங்க. தோள்பட்டை, இடுப்பு. அதேதான். ஒரு தண்டோட முனையில எஃகு உருண்டை, அதைக் கவ்விப் பிடிக்கிற கிண்ணம், உள்ள கிரீஸ், மேல ஒரு ரப்பர் பூட். சக்கரத்தைத் தாங்குற நக்கிளையும், வண்டியோட ஃப்ரேம்ல இருந்து நீளுற மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டையும் இணைக்கிறது இந்த மூட்டுகள்தான். சக்கரம் மேலயும் கீழயும் ஆடணும், அதே நேரத்துல இடம் வலமாத் திரும்பணும். இரண்டுக்கும் இடம் கொடுக்கிற ஒரே இணைப்பு இதுதான்.

இதுக்கு முன்னாடி அந்த இடத்துல இருந்தது கிங்பின். ஆக்சில் முனையில ஏறக்குறைய செங்குத்தா நிக்கிற ஒரு தடிமனான எஃகுக் கம்பி. கதவு கீலில் திரும்புகிற மாதிரி சக்கரம் அதைச் சுத்தித் திரும்பும். நம்ம ஊர் லாரிகளுக்கு அடியில குனிஞ்சு பாத்தா இன்னைக்கும் இதுதான் இருக்கு, பாரம் தாங்குறதுல அதுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா கிங்பினுக்குத் திரும்ப மட்டும்தான் தெரியும். சக்கரங்கள் தனித்தனியா ஏறி இறங்குற சஸ்பென்ஷன் வந்ததும், அந்த அசைவுக்குன்னு ஆர்ம் முனைகளில் வேற புஷ்களைச் சேர்க்க வேண்டி வந்தது. ஒவ்வொரு புஷ்ஷுக்கும் கிரீஸ் வேணும். அந்தக் காலத்து அமெரிக்க கார்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்றது சாதாரண விஷயம்.

அமெரிக்க கார்களில் முன் சஸ்பென்ஷனுக்கு பால் ஜாயின்ட்டை முதலில் கொண்டுவந்தது 1952 லிங்கன். அதே வருஷம் மெக்சிகோவை நீளவாக்குல கடக்கிற கரேரா பனாமெரிக்கானா பந்தயத்தில், ஸ்டாக் கார் பிரிவில் முதல் நான்கு இடங்களையும் லிங்கன்களே பிடித்தன. 1954-ல் ஃபோர்டும் மெர்க்குரியும், 1955-ல் செவர்லேயும் பால் ஜாயின்ட்டுக்கு மாறின. கார்கள் இவ்வளவு வேகமா மாறினாலும் பிக்கப் கொஞ்சம் பின்னாடிதான் வந்தது. செவர்லே 1960-ல் தன் பிக்கப்களுக்கு டார்ஷன் பார் வெச்ச தனிச் சஸ்பென்ஷன் கொடுத்தது, 1963-ல் அதை காயில் ஸ்பிரிங்குக்கு மாத்திச்சு. ஃபோர்டு 1965-ல் ட்வின் ஐ-பீம்னு தனி வழியில போச்சு, அதுல கிங்பின் அப்படியே தொடர்ந்தது. பண்ணையில மூட்டை ஏத்துற வண்டியை யாரும் சொகுசுக்காக வாங்கலை; அதனால கிங்பின் பிடிவாதத்துல நியாயம் இருந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இப்ப அந்த 'டொக்' சத்தத்துக்கு வரலாம். ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல உக்காந்திருக்கிற வண்டியில பாரம் முழுக்கக் கீழ் பால் ஜாயின்ட் வழியாத்தான் போகும். மேல இருக்கிறது கூடவே போகும், அவ்வளவுதான். இதுல அமைப்பு இரண்டு வகை. ஆர்ம் மேலயும் நக்கிள் கீழயும் இருந்தா, வண்டியோட எடை உருண்டையைக் கிண்ணத்துக்குள்ள அழுத்தும். தேஞ்சு போனாலும் எடையே அதைப் பிடிச்சு வெச்சிருக்கும். ஆர்ம் கீழயும் நக்கிள் மேலயும் இருந்தா கதை வேற. ஸ்பிரிங் ஆர்மைக் கீழ தள்ளுது, சாலை சக்கரத்தோட சேர்த்து நக்கிளை மேல தள்ளுது, நடுவுல இருக்கிற மூட்டை இரண்டு பக்கமும் இழுக்குது. ஒவ்வொரு நொடியும் உருண்டை வெளியே வரப் பாக்குது; கிண்ணத்தோட விளிம்புதான் அதைத் தடுக்குது. விளிம்பு தேஞ்சு ஒரு அளவைத் தாண்டிட்டா உருண்டை கழண்டுடும். வண்டியோட அந்த மூலை இறங்கும், சக்கரம் ஃபெண்டருக்குள்ள மடங்கும். பேட்டரி செத்தா வண்டி வீட்டுலயே நிக்கும். இது கழண்டா எங்க நிக்கும்னு சொல்ல முடியாது.

இவ்வளவு ஆபத்தான பாகத்தை இத்தனை வருஷமா யார் கவனிச்சாங்க? எனக்கு இந்தச் சரித்திரத்துலயே சுவாரசியமான இடம் இதுதான். கிரீஸ் கன் பிடிச்ச பையன் கவனிச்சான். ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் ஸெர்க் வடிவமைச்ச கிரீஸ் நிப்பிள் 1929-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் ஆச்சு, இன்னைக்கும் அங்க அதை 'ஸெர்க்'னுதான் சொல்றாங்க. நிப்பிள் இருந்தா யாராவது வண்டிக்கு அடியில போகணும். போனவன் கண்ணுல பூட் கிழிஞ்சது படும், கையில மூட்டோட ஆட்டம் தெரியும். கிரீஸ் அடிக்கிறது வேலை. பரிசோதனை கூடவே இலவசமா நடந்துடும்.

ஆனா கிரீஸ் அடிக்கிறது வாடிக்கையாளருக்குத் தொல்லை. 1961-ல் ஃபோர்டு தன் கார்களுக்கு 30,000 மைல் வரை, அதாவது சுமார் 48,000 கிலோமீட்டர் வரை, சேஸிக்கு கிரீஸ் வேண்டாம்னு விளம்பரம் பண்ணிச்சு. பல மாசத்துக்கு ஒருத்தரும் கீழ எட்டிப் பாக்க வேண்டாம்னும் அதுக்கு அர்த்தம். எங்க ஃபீல்டுல, ஒரு எரர் லாக்ல சத்தம் அதிகமா இருக்குன்னு லாக்கையே நிறுத்திடுவாங்க பாருங்க, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

இதுக்கு ஒரு அழகான பதில் 1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்தது: தேய்மானத்தைத் தானே காட்டுற பால் ஜாயின்ட். கீழ் மூட்டுல கிரீஸ் நிப்பிள் உக்காந்திருக்கிற குமிழ், புதுசா இருக்கும்போது மூடியில இருந்து 0.050 அங்குலம், சுமார் 1.27 மில்லிமீட்டர், வெளியே துருத்திக்கிட்டு இருக்கும். உள்ள தேயத் தேய குமிழ் உள்ள போகும். மூடியோட சமமாயிட்டா மாத்தணும். விரல் நகத்தை ஓட்டிப் பாத்தாப் போதும். என் கணக்குல இந்த மொத்தக் கதையிலயும் சிறந்த டிசைன் இதுதான், மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை.

அப்புறம் சீல் பண்ண மூட்டுகள் வந்தன. உள்ள பிளாஸ்டிக் லைனிங், ஆயுளுக்கும் போட்ட கிரீஸ், நிப்பிள் கிடையாது. நல்லா செஞ்சா இவை நிஜமாவே நீண்ட நாள் உழைக்கும். சரியா வராதப்ப என்ன ஆகும்? 2005-ல் டொயோட்டா டகோமா, டண்ட்ரா, ஃபோர்-ரன்னர், செக்கோயா வண்டிகளில் சுமார் 7,75,000-ஐத் திரும்ப அழைச்சது. தயாரிப்பின்போது உருண்டையோட மேற்பரப்புல கீறல் விழுந்து, அதனால சீக்கிரம் தேய வாய்ப்பு இருந்ததுதான் காரணம். 2007-ல் டண்ட்ரா, செக்கோயா மேலும் சுமார் 5,33,000. டண்ட்ராவோட கீழ் மூட்டு நான் சொன்ன அந்த இழுவை வகை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலை, நிப்பிள் இல்லாத மூட்டுல, வீட்டுல இருக்கிற ஓனர் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சரி, டெக்சாஸ் நண்பர் என்ன பண்ணணும்? ஸ்பிரிங் கீழ் ஆர்ம்ல இருந்தா ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில, முடிஞ்ச வரைக்கும் சக்கரத்துக்குப் பக்கத்துல குடுங்க. ஃப்ரேம்ல தூக்கினா ஸ்பிரிங்கோட அழுத்தம் மூட்டை இறுக்கியே வெச்சிருக்கும், ப்ளே வெளிய தெரியாது. ஸ்டாண்ட் வெச்சு, டயருக்கு அடியில நீளக் கம்பியைக் கொடுத்து மேல நெம்புங்க. இன்னொருத்தர் மூட்டைப் பாக்கணும். ஆட்டம் எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், அதைத்தான் நம்பணும். குமிழ் வெச்ச வகைன்னா இதுக்கு நேர் எதிர்: வண்டி தரையில, சக்கரத்து மேல பாரத்தோட நிக்கும்போதுதான் பாக்கணும். பூட் கிழிஞ்சிருந்தா ஆட்டம் இல்லாட்டியும் சந்தேகப்படுங்க, தண்ணியும் மண்ணும் ஏற்கெனவே உள்ள போயிருக்கும். நிப்பிள் இருந்தா முதல்ல துடைச்சுட்டு கிரீஸ் அடிங்க, பூட் லேசாப் பூரிச்சதும் நிறுத்திடுங்க. வெறியோட அடிச்சா பூட்டே வெடிக்கும்.

மாத்தும்போது காசில் நட்டை டார்க் பண்ணதும் காட்டர் பின் ஓட்டை நேரா வரலைன்னா, நட்டை இறுக்கிக் கொண்டுவாங்க, தளர்த்திக் கொண்டுவராதீங்க. வீல் அலைன்மெண்ட் கட்டாயம். சீல் வகை போட்டு வந்த பல பிக்கப்களுக்கு இப்ப வெளிச் சந்தையில நிப்பிள் வெச்ச மூட்டு கிடைக்குது, கொஞ்சம் காசு அதிகம். நானா இருந்தா அதைத்தான் வாங்குவேன். ஆயில் மாத்தும்போதெல்லாம் நான் வண்டிக்கு அடியில படுக்க ஒரு காரணம் வேணும்.

அடுத்த எபிசோட்ல ட்வின் ஐ-பீம் பத்திப் பேசலாம், அதைக் கேட்டு மூணு பேர் எழுதியிருக்காங்க.